நாட்டின் பெருமைக்குக் காற்று விட்டவர்

என் தங்கை வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். நாட்டின் மாபெரும் கணினி இருக்கும் கட்டடத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. இப்போது புதிதாக வந்திருக்கும் அந்தக் கணினி பக்கத்து நாட்டுக் கணினியை முந்திவிட்டதாம், உலகத்தில் மூன்றாவதாம். அது அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டால் மாப்பிள்ளை சொல்வார்: "அதெல்லாம் தெரியாது மச்சான். சூடு ஏறினா படுத்துடும். அது மட்டும் தெரியும்."

அதன் திறப்பு விழாவில் அவருக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவை அமைச்சர் கையால் தருவதாக இருந்தது. தங்கை சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். காற்றுக்குழாய்க்குத் தகரம் அடித்தவன் என்பதால் நானும் இயந்திர அறையில் அவர் பக்கத்தில் நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடையில் அமைச்சர் வாயைத் திறந்ததும் கட்டடத்து அதிகாரி எங்களிடம் ஓடி வந்தார்.

"யோவ், உன் ஏசி சத்தத்துல பேச்சே கேக்கல. ஆஃப் பண்ணு."

"சார், ஏழு நிமிஷத்துக்கு மேல கம்ப்யூட்டர் தாங்காது."

"அஞ்சு நிமிஷப் பேச்சுதான்யா. உன் ஆர்டர் என் பையில இருக்கு, மறந்துடாதே."

நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் அமைச்சர் வணக்கத்தையே முடிக்கவில்லை. வல்லரசு என்றார், விண்வெளி என்றார், எதிரிக்கு வியர்க்கிறது என்றார். வியர்த்தது எங்களுக்குத்தான். சுவரில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடப்போனது. அமைச்சர் அப்போதுதான் நம் முன்னோரின் விஞ்ஞானத்துக்கே வந்திருந்தார்.

"என்ன மச்சான் செய்ய?"

"ஆர்டர் கைக்கு வரட்டும் மாப்பிள்ளே. வெந்தா வேகட்டும். உங்க அப்பன் வீட்டு கம்ப்யூட்டரா?"

கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். நான்கு ஏசியும் ஒரே நேரத்தில் உறுமின. அமைச்சரின் வாய் மட்டும் அசைந்தது. பேச்சு முடிந்தது என்று நினைத்த கூட்டம் சந்தோஷமாக எழுந்து கைதட்டியது. வேறு வழியில்லாமல் அவர் திறப்பு விழாப் பொத்தானை அமுக்கினார். திரையில் கொடி பறந்தது.

அதிகாரி உத்தரவை எங்கள் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார்.

சாயங்காலம் டிவியில், நம் கணினி ஒரு நொடிகூட நிற்காமல் உலகத்தை வியக்க வைத்தது என்றார்கள். தங்கை டிவியை அணைத்தாள்.

"அண்ணா, நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளையின் போன் அடித்தது. அதிகாரிதான்.

"காலையில சீக்கிரம் வந்துடுய்யா. நாலாவது ஏசியில என்னமோ சத்தம் வருது."

"கேட்டேன் சார், பெல்ட்டுதான்," என்றார் மாப்பிள்ளை. "வந்துடறேன்."