பதினான்கு பேருக்கு ஒரே ஓட்டு

என் 2008 ஆகஸ்ட் மாதக் குறிப்புகளில் ஒரே வரி நான்கு நாட்கள் வருகிறது: ‘புரிகிறதா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.’

அப்போது சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்துக்கொண்டிருந்தேன். முதலாண்டில் பதினான்கு மாணவிகள். பாடத்தைத் தமிழில் விளக்கி, விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பது அங்கே வழக்கம். நான் வாரத்தில் இரண்டு மணி நேரம் சி.டி.யில் பிரெஞ்சுப் பேச்சைக் கேட்கவைத்தேன். துறைத்தலைவருக்கு அதில் நம்பிக்கையில்லை.

“பிள்ளைகளுக்குப் பயன்படுதுன்னு மாசக் கடைசிக்குள்ள காட்டுங்க மேடம். இல்லன்னா அந்த ரெண்டு மணி நேரமும் பாடத்துக்குப் போயிரும்” என்றார்.

விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் தலையாட்டலை வைத்து எதையும் காட்ட முடியாது. பெயர் சொல்லாமல் பதில் சொல்லட்டும் என்று இலவச இணையதளம் ஒன்றில் வாக்கெடுப்பு தயாரித்தேன். சி.டி.யில் பேசுவது புரிகிறதா? பதில்கள்: புரிகிறது, பாதி, புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் கணினி அறைக்கு அழைத்துப்போனேன். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி முந்திக்கொண்டு அமுக்கினாள். மற்ற பதின்மூன்று திரைகளிலும் ‘நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்’ என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. அறை முழுவதற்கும் ஒரே இணைப்பு. அந்தத் தளம் ஓர் இணைப்புக்கு ஒரு ஓட்டுதான் ஏற்கும். நான் வீட்டில் மட்டும் சோதித்திருந்தேன். தவறு என்னுடையது.

ஆய்வக உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் சண்டை தொடங்கியது.

“என்னத்தடி அமுக்குன?”

“புரியுதுன்னு.”

“எங்க எல்லாத்துக்கும் சேத்தா? பெரிய பிரான்சுக்காரி! அந்தாளு பேசுறது எனக்கு ரயிலு போற மாதிரி இருக்கு.”

“அத மிஸ்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“அவுக மொகத்தப் பாத்து எப்புடிடி சொல்ல? எம்புட்டு ஆசையாப் போட்டுக் காட்டுறாக!”

நான் திரும்பவில்லை.

பிறகு அந்த ஓட்டெடுப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருத்தியும் வேறு வேறு பிரவுசிங் சென்டரில் ஓட்டுப் போட வேண்டும். யார் எங்கே என்று கரும்பலகையில் எழுதினேன்: சின்னமனூரில் மூன்று கடை, உத்தமபாளையத்தில் மூன்று, கம்பத்தில் நான்கு, போடியிலும் தேனியிலும் இரண்டிரண்டு. குச்சனூர்க்காரிக்கு ஊரில் சென்டர் இல்லாததால் சின்னமனூர்.

“வெரல்ல மை வைப்பாகளா மிஸ்?” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை காலை முடிவைப் பார்த்தேன். புரிகிறது இரண்டு, பாதி மூன்று, புரியவில்லை ஒன்பது. அச்செடுத்துத் துறைத்தலைவரிடம் கொண்டுபோனேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி கொண்டாந்திருக்கீங்களே!”

“இத்தனை நாள் எனக்கு இது தெரியல சார். தெரிஞ்சாத்தான சரி பண்ண முடியும்? செமஸ்டர் முடியுற வரைக்கும் குடுங்க.”

தாளை இரண்டாக மடித்தார். “ஒரு மணி நேரம் போகும். ஒண்ண வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டேன். அடுத்த புதன்கிழமை நீண்ட உரையாடலை ஒதுக்கிவிட்டு, ஒரு நிமிடப் பேச்சை மட்டும் எடுத்தேன். வரி வரியாக நிறுத்தி, மூன்று முறை போட்டேன். புரிகிறதா என்று கேட்கவில்லை. காதில் என்ன விழுந்தது என்று கேட்டேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் உதவவில்லை. கடைசியில், ரயில் போகிற மாதிரி இருக்கிறது என்றவள் கையைத் தூக்கினாள்.

“மழை பெய்யுதுன்னு சொல்றானா மிஸ்?”

“இல்லை” என்று சொல்லிவிட்டு, நான்காவது முறை போட்டேன்.