வெள்ளிக் கோப்பையும் ஜட்கா வண்டியும்

எனக்கு அப்போது எட்டு வயது. ஓரிடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் உடம்பு நமநமக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். உண்மையில் அந்தச் சக்கரம் இருந்தது அக்காவின் காலில்தான். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்த அவள், நூறு கஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்து ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் பட்டணத்தில் பல காலேஜ் பெண்கள் கூடும் பந்தயத்துக்கும் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

லீவுக்கு ஆம்பூர் வந்தவள் விடியற்காலையில் என்னை எழுப்பிப் பாலாற்றுக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஆற்றில் தண்ணீர் ஏது, மணல்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடுவாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? நான் எண்ணுகிற வேகத்துக்கு அவள் எப்போதும் தாமதமாகத்தான் வந்தாள்.

"ஒழுங்கா எண்ணுடி, பேஜார் பண்ணாதே" என்பாள்.

அந்த லீவில்தான் பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு வரன் வந்தது. தோல் கம்பெனியில் மானேஜராக இருந்த அப்பாவுக்கு நல்ல இடத்தை விட மனசில்லை. அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். "அவங்க வந்து பார்க்கட்டும். இது தட்டிப்போச்சுன்னா, படிப்பு முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். அமைஞ்சிட்டா காலேஜ் அத்தோட சரி" என்றார். அக்கா உடனே எழுந்து முகம் கழுவினாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள்.

அவர்கள் வந்தார்கள். சொஜ்ஜித் தட்டைப் பார்ப்பதா, மாப்பிள்ளையைப் பார்ப்பதா என்று நான் நெளிந்துகொண்டிருந்தேன்.

"பாட்டெல்லாம் வேணாம். கொஞ்சம் இப்டி நடந்து வாம்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பெண் பார்க்க வருகிறவர்கள் நடக்கவிட்டுப் பார்ப்பது அப்போது வழக்கம். கால் கையில் குறை இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா.

அக்கா எழுந்தாள். இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில்தான் மணலில் பறந்தாள்! மாப்பிள்ளையின் அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவதாகச் சொன்னாள். வாசற்படி இறங்கும்போது தன் புருஷனிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"நொண்டிப் பொண்ணை நம்ம தலையில கட்டப் பார்க்கறாங்க."

நொண்டியா? என் அக்காவா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் பாய்ந்தேன். அவர்களுடைய ஜட்கா தெருக்கோடியை நெருங்கியிருந்தது.

"எங்க அக்கா நொண்டி இல்ல! ஓட்டத்துல ஃபர்ஸ்ட்டு!"

பின்னால், "நில்லுடி! ஏய், நில்லுடி!" என்று அக்காவின் குரல். திரும்பிப் பார்த்தேன். பட்டுப் புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க, பாய்ந்து வந்துகொண்டிருந்தாள். ஆற்று மணலில்கூட அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவள் கை என் பின்னலைப் பிடிப்பதற்குள் நான் ஜட்காவின் பின்பலகையைத் தொட்டுவிட்டேன்.

வண்டி நின்றது. மாப்பிள்ளையின் அம்மா நான் நீட்டிய கோப்பையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கால்களைத்தான் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"பட்டுப் பொடவை தடுக்கிக்கிச்சு போல. கால் நல்லாத்தான் இருக்குது. வூட்டு வேலைக்கு இந்த வேகமே ஜாஸ்தி!" என்றவள், வண்டியைத் திருப்பச் சொன்னாள். தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டே போவதாகச் சொன்னாள்.

வண்டி எங்கள் வீட்டைப் பார்த்துப் போயிற்று. அக்கா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க வாங்க அழுதாள். ஓட்டத்தில் அவள் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் போய் இப்படியா அழுவது என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையை அவள் மடியில் வைத்தேன்.

"அழாதக்கா. நான் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிட்டேன், அதான். பட்டணத்துல நீதான் ஜெயிப்பே" என்றேன்.