காற்று வாயும் இரண்டு ஸ்குரூவும்

மெக்கானிக்கிடம் யாரும் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி செங்கோடன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, "எப்படி இருக்கீங்கண்ணா?" என்றேன். கார்க் கண்ணாடியை இறக்கி, "நல்லா மூச்சு உடுதுங்க" என்றார். வண்டியைச் சொன்னார். பழைய கார் வைத்துப் பாடுபட்டவர்களுக்கு இது புரியும்.

காணாமல் போனது

எண்பதுகளின் நடுவில், அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த என் பட்டறைக்கு அண்ணன் அந்தக் காரை ஓட்டிவந்தார். மெட்ராஸில் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார். ரயில்வே கேட்டில் நின்றால் இஞ்சின் அணைந்துவிடுமாம். பானெட்டைத் திறந்தேன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரே இல்லை. அது இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டதோடு சரி. அரை மணி நேரம் குனிந்தே நின்றேன். பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்: "ஏனுங்க, காணோம்னு போலீசுல எழுதி வெச்சிரலாங்களா?"

தறிக்காரர் தந்தது

காற்று உள்ளே போகும் அலுமினிய வாயைக் கழற்றினேன். அதற்குள் திறந்து மூடும் வட்டத் தகட்டை பட்டர்ஃபிளை என்போம். அதைத் தாங்கும் கம்பி ஆடி ஆடி, தான் நுழைந்திருக்கும் இரண்டு பக்க ஓட்டைகளையும் தேய்த்திருந்தது. வேண்டாத காற்று அந்த வழியே புகுந்தது. ஸ்பேருக்கு எங்கே போவது? பக்கத்தில் விசைத்தறி வைத்திருந்த மாணிக்கம், தறியில் தேய்ந்துபோன புஷ் என்ற வெண்கல வளையம் ஒன்றைத் தந்தார். அதை லேத்தில் கடைந்து, சின்னதாக இரண்டு செய்து ஓட்டைகளில் இறக்கினேன். இஞ்சின் அணையாமல் ஓடியது, சாயங்காலமே அண்ணன் வண்டியை எடுத்துப்போனார். மாணிக்கம் சொன்னார்: "என் தறி சாமான் காருல போவுது, நான் இன்னும் டவுன் பஸ்ஸுலதான்."

தட்டினேனா?

மறுநாள் காலை இட்லியைப் பிட்டபோது கை நின்றது. பட்டர்ஃபிளையைப் பிடிக்கும் இரண்டு குட்டி ஸ்குரூக்களையும் முறுக்கியபின் நுனியைத் தட்டி நசுக்கவேண்டும். இல்லாவிட்டால் கழன்று இஞ்சினுக்குள் விழும். அத்தோடு இஞ்சின் போச்சு. ஒன்றைத் தட்டியது நினைவிருந்தது. மற்றதை? அன்றுதான் அண்ணன் குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். அப்போது உயிரோடிருந்த என் மனைவி, "யோசிச்சது போதும், பஸ் ஏறுங்க" என்றாள்.

திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியை வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அந்தக் காற்று வாயைக் கழற்றினேன். இரண்டாவது ஸ்குரூ விரலிலேயே சுழன்றது. மறந்தது நான்தான் என்று சொல்லி, இறுக்கித் தட்டினேன். அண்ணன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "உழுந்திருந்தா பங்க் பெட்ரோலத்தான் வைஞ்சிருப்பேன், உங்கள இல்லீங்க. ஏனுங்க நீங்களா வந்து மாட்டிக்கிட்டீங்க?"

அண்ணன் போய் வெகுகாலமாகிறது. அவர் வீட்டு ஷெட்டில் நிற்கும் அந்தக் காரில் டயர், கதவு, கண்ணாடி எல்லாம் கழன்றுவிட்டன, அந்த இரண்டு ஸ்குரூ மட்டும் கழலவில்லை.