உக்கிரபாண்டியின் பின்சீட்டு

அவனியாபுரம் உக்கிரபாண்டி யாரையும் லேசில் நம்ப மாட்டார். கடையில் வாங்கும் டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இளவட்டத்தில் மாடுபிடிக்கப் போனவர். அப்போது கைக்குச் சிக்காமல் நழுவிய காளை அத்தனைக்கும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "திமில்ல எண்ணெயத் தடவி விட்டுட்டான்."

இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மகள் நாகஜோதிக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு லேபில் வேலை. தினமும் காலையில் பைக்கில் கொண்டுபோய் விடுவார். ஒரு சனிக்கிழமை, தூறல்கூட இல்லை, வில்லாபுரம் வளைவில் பின்சக்கரம் சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. அவளுக்கு முழங்கை தேய்ந்துபோனது.

"இனி உங்க பின்னால ஏற மாட்டேன்ப்பா. ஷேர் ஆட்டோல போய்க்கிறேன்."

அன்றிலிருந்து அவர் அவள் ஏறும் ஆட்டோவின் பின்னாலேயே காலிச் சீட்டோடு லேப் வாசல்வரை போய்விட்டுத் திரும்புவார்.

முதல் சந்தேகம் ரோட்டின் மேல். வளைவில் குத்தவைத்துத் தரையைக் கையால் கூட்டிப் பார்த்தார். மணல் இல்லை. அடுத்த சந்தேகம் மன்சூர் மேல். ரெண்டு மாசத்துக்கு முன்னால் புது டயர் மாட்டிவிட்டவர் அவர்தான். அடுத்த சனிக்கிழமை கோரிப்பாளையத்தில் மன்சூரின் கடைக்கு முன்னால் வண்டி வந்து நின்றது. எதிர்க் கடையில் வேலை பார்ப்பதால் அந்தப் பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது.

"பழைய டயரப் பாலிஷ் போட்டுக் குடுத்துட்டீகளா பாய்?"

"டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கு பாருங்கண்ணே. எந்த வாரம், எந்த வருசம் செஞ்சதுன்னு தெரியும்."

"அதையும் நீங்களே அடிச்சிருக்கலாம்ல?"

"அம்புட்டுத் திறமை இருந்தா நான் ஏண்ணே பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கேன்?"

காற்றை அளந்தார்கள். சரியாக இருந்தது. உக்கிரபாண்டி பக்கத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி அளந்துவிட்டு வந்தார்.

"என் மூஞ்சியவே பாக்காம டயரத் தொட்டுப் பாருங்க" என்றார் மன்சூர். "புதுசுல வழுவழுன்னுதான் இருக்கும். ரெண்டு மாசம் ஓடிருச்சு, சொரசொரன்னு ஆயிருக்கணும்."

உக்கிரபாண்டி குனிந்து டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு விரலை மோந்து பார்த்தார்.

"எவனோ எண்ணெயத் தடவியிருக்கான் பாய்."

"வீட்டுல வண்டிய யாருண்ணே தொடைப்பா?"

வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பது உக்கிரபாண்டிதான். வெயிலுக்கு ரப்பர் வெடித்துவிடுமோ என்று சந்தேகம். காளையின் கொம்புக்குப் பூசுவது போலத் தேங்காயெண்ணெய்த் துணியால் டயர் முழுக்க ஒரு சுற்று.

"நேராப் போனா நடுவுல இருக்க எண்ணெய் ரோட்டோட போயிரும்" என்றார் மன்சூர். "ஓரத்துல இருக்கது அப்படியே இருக்கும். வளைவுல சாய்ச்சா அதுதான தரையில படும்? உங்க மாட்டுக்கு நீங்களே தடவிட்டு நீங்களே பிடிக்கப் போயிருக்கீக."

சோப்புத்தூள் போட்டு ரெண்டு தடவை தேய்த்துக் கழுவினார்கள். அதற்குப் பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் காலையில் தனியாக வட்டம் போட்டார். முதல் நாள் அகலமாக, வண்டி நிமிர்ந்தே இருந்தது. அடுத்தடுத்த நாள் வட்டம் சின்னதாக ஆக, வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பார். வளைவுக்குள் பிரேக்கைத் தொட மாட்டார். ஆட்டோவுக்கு நிற்கும் இடத்திலிருந்து நாகஜோதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் வண்டியை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எண்ணெயத் தடவுனது நான்தான் ஆத்தா."

"டயர்லயா?"

"ம்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து பின்டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து மோந்து பார்த்தாள். முன்டயரையும். அப்புறம் ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு ஏறினாள்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைப்பது அவள்தான். எண்ணெய் பாட்டிலை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவருக்கு இன்னும் தெரியாது.