இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நேர்ச்சை

லாஸ்தோவோ ஊருக்குள் நின்றால் கடல் தெரியாது. தீவுதான், ஆனாலும் வீடுகளெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கின்றன. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்களாம். குஸ்மாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. அவன் பெண்டாட்டி பெரீனாவுக்கோ அதுதான் வயிற்றெரிச்சல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் ஊருக்கு மேலே இருக்கும் குன்றில் மூச்சிரைக்க ஏறியாக வேண்டும். ஏறி நின்றால் வடக்கே நீளமாகக் கோர்ச்சுலா தீவு கிடக்கும். அதன் தென்கரையில் பிர்னா. அவள் பிறந்த ஊர்.

காற்று கழுவிவிட்ட நாட்களில் அங்கே வெள்ளைப் புள்ளிகளாக வீடுகள்கூடத் தெரியும். எந்தப் புள்ளி தன் அம்மா வீடு என்று அவள் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தாள். அது ஒருவேளை யாருடைய ஆட்டுக்கொட்டகையாகவும் இருந்திருக்கலாம். அதைப் பார்த்துத்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் ஏங்கினாள்.

அவள் லாஸ்தோவோவுக்கு இரண்டு நாள் விருந்துக்கு வந்தவள்.

யுகோஸ்லாவியா என்று ஒரு தேசம் இருந்த காலம். குஸ்மா அப்போது பிர்னாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன், கை சுத்தமானவன், பேச்சில் மட்டும் பெரிய மாலுமி. கல்யாணமான கையோடு புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தபந்தங்களின் வீடுகளுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். குஸ்மாவுக்குச் சொந்தம் என்று இருந்தது லாஸ்தோவோவில் ஒரு அத்தை மட்டும். ஆகஸ்ட் மாதத்து ஒரு காலையில் அவனுடைய சின்ன எஞ்சின் படகில் இருவரும் கிளம்பினார்கள். அத்தைக்கு என்று உப்பிட்ட மத்தியும், கல்யாணத்துக்கு வந்த செப்புப் பானை ஒன்றும் கூடவே போயின. கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. பெரீனா கால்களைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"உள்ள இழுடி காலை, சுறா கவ்விட்டுப் போயிடும்."

"கவ்வட்டும். கல்யாணமாயி ஒரு வாரத்துல பொண்டாட்டிய சுறாவுக்குக் குடுத்தவன்னு ஊர் உன்னைத்தான் சிரிக்கும்."

பாதி வழி தாண்டியிருப்பார்கள். மேற்கே வானத்தின் அடியில் மை கொட்டியது போல ஒரு கறுப்பு. குஸ்மா அதைப் பார்த்தான், சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடினான். கோடையில் சொல்லாமல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போகும் அந்தப் புயலுக்கு அங்கே நெவேரா என்று பெயர். அது வருவதற்குள் கரையைப் பிடித்துவிடலாம் என்று எஞ்சினை முடுக்கினான். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

முதலில் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு எது வானம், எது கடல் என்று தெரியவில்லை. ஆலங்கட்டி முகத்தில் அறைந்தது. அலை ஒவ்வொன்றும் படகைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் போட்டது. பெரீனா செப்புப் பானையை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். இறைக்க இறைக்க அதற்கு இரண்டு மடங்கு உள்ளே வந்தது. குஸ்மா சுக்கானைப் பிடித்து படகின் முன்முனையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பப் பார்த்தான். பக்கவாட்டில் வந்த ஓர் அலை சுக்கானைப் பிடுங்கியது, கூடவே அவனையும்.

அவள் தலையை நிமிர்த்தியபோது அவன் இருந்த இடம் காலி. அந்தக் காலி இடம் அவளுக்குச் சாகும்வரை மறக்காது. பிறகு படகின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. பானையை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். சட்டை கிழிந்து கையோடு வந்தது. தலைமுடியைப் பிடித்தாள், பிறகு இடுப்புவாரைப் பிடித்தாள். காலைப் படகின் பக்கப்பலகையில் முட்டுக்கொடுத்து, தனக்கே தெரியாத ஒரு கெட்ட வார்த்தையைக் கத்திக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். வலையில் வந்த மீன் போல அவன் உள்ளே வந்து விழுந்தான்.

விழுந்தவன் அப்படியே குப்புறக் கிடந்தபடி, மாலுமிகளைக் காக்கும் புனிதரைக் கூப்பிட்டு அலறினான்.

"நிக்கோலா புனிதரே! எங்களைக் கரை சேத்துடு! இனிமே நாங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் படகு ஏற மாட்டோம்! நானும் ஏற மாட்டேன், அவளும் ஏற மாட்டா!"

பெரீனாவுக்கு அதைக் காதில் வாங்கக்கூட நேரமில்லை. பானையைத் தேடி எடுத்து மறுபடி இறைத்துக்கொண்டிருந்தாள். வந்த வேகத்திலேயே நெவேரா போய்விட்டது. படகு லாஸ்தோவோவின் ஒரு சிறு குடாவுக்குள் தானாக மிதந்து சேர்ந்தது. குஸ்மா நாலு காலில் கரையேறிக் கல்லை முத்தமிட்டான்.

விருந்து முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நாளில்தான் விஷயம் விளங்கியது.

"கிளம்பலாமா?" என்றாள் பெரீனா.

"எப்படிக் கிளம்புறது? நேந்திருக்கேனே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரத்தில் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். குஸ்மா படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அத்தையின் திராட்சைத் தோட்டத்தில் மண்வெட்டியைப் பிடித்தான். பிள்ளையில்லாத அத்தைக்குக் கொள்ளை சந்தோஷம். மீன்காரன் காசு கொடுத்து மீன் வாங்கித் தின்றதைப் பார்த்து லாஸ்தோவோ முழுக்கச் சிரித்தது. அவன் அதற்கும் அசையவில்லை. துறைமுகத்துக் கோயிலில் மாட்ட ஒரு படமும் வரையச் சொல்லிக் கொடுத்தான். வரைந்தவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். படத்தில் மேகத்துக்குள் நிக்கோலா, படகில் கைகூப்பிய குஸ்மா. ஓர் ஓரத்தில் மீசை முளைத்தாற்போல ஒரு பெண், புனிதரை ஏறெடுத்தும் பார்க்காமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"உன்னை முடியப் புடிச்சுத் தூக்குனது யாரு, நானா அவரா?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"உன் கைக்குப் பலம் குடுத்தது அவருதான்."

"அப்ப நேர்ச்சைய என் கைகிட்ட கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்ல?"

இரண்டாவது வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் அந்த நேர்ச்சை தன்னையும் கட்டுமா என்று பாதிரியார் தோன் யெரேயிடம் அவள் கேட்டே விட்டாள். அவர் திரைக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார்.

"அவன் உபவாசம் இருந்தா உனக்கா வயிறு காயும்? அவன் நேந்தது அவனோட போச்சும்மா. உன் காலை அவனால கட்ட முடியாது. நீ தாராளமா ஊருக்குப் போயிட்டு வா."

அன்று அவள் குன்றில் ஏறி வெகுநேரம் நின்றாள். போகலாம். வாரத்தில் சில நாள் கப்பல் இருக்கிறது. ஆனால் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும் மனிதன், அவள் கடலில் இருக்கும் நேரமெல்லாம் என்ன ஆவான்? தவிர, புதுசாகக் கட்டிப்போன பெண் தனியாக வந்து இறங்கினால் பிர்னா என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா? அவனோடு கிளம்பினாள், அவனோடுதான் திரும்ப வேண்டும். அடுத்த வருஷம் மனசு மாறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள். பாதிரியார் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷங்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தை போய்ச் சேர்ந்தாள். தேசமே போய் வேறு தேசம் வந்தது, பணத்தின் பெயர் மாறியது, குஸ்மாவின் நேர்ச்சை மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளை பிறக்கவில்லை. அம்மா இரண்டு முறை கப்பலில் வந்து பார்த்தாள், பிறகு முழங்கால் விட்டுப்போனது. வீட்டுக்குத் தொலைபேசி வந்ததும் பெரீனா அக்கா யெல்காவிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"அக்கா, போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"நீட்டேன்."

பிர்னாவில் அவர்கள் வீட்டு வாசலிலேயே கூழாங்கல் கரை. அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளும் சத்தம், பிறந்ததிலிருந்து அவள் தூங்கிய சத்தம். தொலைபேசியில் அது எண்ணெயில் எதையோ பொரிப்பது போலத்தான் கேட்டது. இருந்தாலும் காதை ஒட்டிவைத்துக்கொண்டு அழுவாள்.

அவள் குன்றுக்குப் போய்வரும் நாட்களில் மட்டும் குஸ்மா அடுப்பைப் பற்றவைத்துச் சூப் வைத்திருப்பான். எங்கே போனாய் என்று கேட்கமாட்டான். தட்டை நகர்த்திவைத்து, "சூடா இருக்கு, பாத்து" என்பான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் மனம் இளகிவிடும்.

அம்மா இறந்த செய்தி வந்தபோது அவள் கறுப்பு உடுத்தித் துறைமுகத்துக்குப் போனாள். கப்பலின் பலகையில் ஒரு காலை வைத்தும்விட்டாள். திரும்பிப் பார்த்தாள். குஸ்மா கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பலாக, ஒரு வார்த்தை பேசாமல். அவள் காலை எடுத்துவிட்டாள். கப்பல் போனது. அந்த ஒரு நாள் மட்டும் அவள் சூப்பைத் தொடவில்லை.

அதற்கும் பல வருஷங்கள் கழித்து ஒரு மார்ச் மாதம் குஸ்மா தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். தீவு வைத்தியர் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரை வரவழைத்தார். அதில் பெரீனாவுக்கு இடமில்லை. நிக்கோலாவிடம் ஹெலிகாப்டரைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லாததால் குஸ்மா மறுக்காமல் போனான். ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் பிழைக்கவும் செய்தான். ஆனால் சாகப் போகிறவனைத்தான் வானத்தில் கொண்டுபோவார்கள். பிழைத்தவன் எல்லோரையும் போலக் கப்பல் பிடித்துத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

"என்னை அனுப்புறேங்கறாங்க. நான் எப்படி வருவேன்? இங்கேயே ஒரு மூலையில கிடந்து செத்துப்போறேன்" என்று தொலைபேசியில் அழுதான்.

மறுநாள் காலை பெரீனா கப்பல் ஏறினாள். நிக்கோலா ஒன்றும் செய்யவில்லை. வழியில் கப்பல் கோர்ச்சுலாவின் வேலா லூக்காவில் நின்றது. இறங்கினால் பிர்னா கொஞ்ச தூரம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவின் மண்ணையும் பைன் மரங்களையும் பார்த்தாள். உடம்பெல்லாம் இறங்கு இறங்கு என்றது. அவன் அங்கே அழுதுகொண்டு கிடக்கிறான் என்று கம்பியை விடாமல் நின்றாள்.

குஸ்மா அவளைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"எப்படி வந்தே?"

"நடந்து வந்தேன். எப்படி வருவாங்க?"

அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். பிறகு உடைந்துபோனான். மரணத்தைக் கிட்டத்தில் பார்த்தவனுக்கு வாய் நிற்கவில்லை.

"பெரீனா, ஒண்ணு சொல்லணும். உன்னை அந்த நேர்ச்சை கட்டாதாம். தோன் யெரே அப்பவே சொன்னாரு, வந்த மொத வருஷமே. பொண்டாட்டிகிட்ட சொல்லுடான்னாரு. நான் சொல்லல. போனா நீ திரும்பி வரமாட்டியோன்னு பயம்."



"என்கிட்டயும் சொன்னாரு" என்றாள்.

"உனக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் போகல?"

"நீ பயப்படுவியேன்னு. நானும் கட்டுப்பட்டவதான்னு நெசமாவே நம்பி, அந்தப் பயத்துல சாவியேன்னு." அவள் குரல் மெல்ல ஏறியது. "எங்கம்மா செத்த அன்னிக்குப் பலகையில கால வெச்சிட்டு உன்னைத் திரும்பிப் பாத்தேனே. தெரிஞ்சுமா வாய மூடிட்டு உக்காந்திருந்தே? போயிட்டு வாடின்னு ஒரு வார்த்தை வரல உனக்கு?"

குன்றுக்குப் போய்வந்த நாட்களில் மட்டும் ஏன் சூப் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அத்தனை வருஷத்துச் சூப்பும் நெஞ்சில் வந்து முட்டியது. கொண்டுவந்த மாற்றுத்துணியைக் கட்டில்மேல் வைத்தாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். உனக்கு வேணும்னா வழி தெரியும்ல. கப்பல் போகுது."

பிர்னா சின்னதாக இருந்தது. யெல்கா கிழவியாகியிருந்தாள். குன்றிலிருந்து பார்த்த வெள்ளைப் புள்ளி எது என்று அங்கே நின்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடலோரச் சுவரில், அம்மா மத்திக்கு உப்புப் போட உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கற்கள் உருளும் சத்தத்தைக் காது நிறையக் கேட்டாள். முதல் நாள் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். பிறகு தெற்கே கடலுக்கு அப்பால் கிடந்த லாஸ்தோவோவைத் தன் கண் தானாகத் தேடுவதைக் கவனித்தாள். அதில்தான் ஆத்திரம் இன்னும் பொங்கியது.

"வருவானா?" என்றாள் யெல்கா.

"வரமாட்டான். குளிக்கிற தொட்டியில இறங்கவே சிலுவை போட்டுக்கிற ஆளு."

ஒரு மத்தியானம் கடலோரப் பாதையில் ஒருவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான். காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு, கையில் பிளாஸ்டிக் பை, முகம் வெளிறிக் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நிக்கோலா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு வாந்தி எடுக்கப் பை குடுத்துச்சு." அவன் மூச்சு வாங்கினான். "அன்னிக்கு உன்னைக் கேக்காம உனக்கும் சேத்து நேந்தேன். இன்னிக்கு மீறினது நான் மட்டும்தான். அப்படித்தான் அவர்கிட்ட சொல்லிட்டு ஏறினேன். உன் மேல ஒண்ணும் வராது."

அவன் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இடுப்புவாரைப் பிடித்து இழுத்துப் போட்டபோதும் இப்படித்தான் நடுங்கின. பெரீனா சுவரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உக்காரு" என்றாள். "ஆனா பேசாதே. எனக்குக் கல்லு சத்தம் கேக்கணும்."

குஸ்மா உட்கார்ந்தான்.