தனி டம்ளர் என்ற வரி

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிராஜெக்ட் என்று எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் முதலாளி இன்டர்நெட் பார்க்க விடுவார். அப்படித்தான் வெளிநாட்டிலிருந்து ஒருவர் நடத்திய தமிழ் இணையதளம் கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், பத்திரிகைகளின் கெடுபிடி இங்கே இல்லை என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். நானும் நம்பினேன்.

அன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் டீக்கடையைப் பற்றி எழுதி அனுப்பினேன். அப்பா தோட்ட வேலைக்குப் போகுமுன் அங்கேதான் டீ குடிப்பார். எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கே பெஞ்சு கிடையாது. கூரை ஓலையில் செருகி வைத்த தனி டம்ளர்தான். வெளியே நின்று குடித்து, தாங்களே கழுவி, மறுபடி ஓலையில் செருகிவிட்டு வர வேண்டும். அப்பா அந்த டம்ளரைக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை எழுத முடியாவிட்டால் எனக்கு எழுத வேறொன்றும் இல்லை.

கட்டுரை வந்தது. தனி டம்ளர் என்ற வரி இல்லை, பெஞ்சும் இல்லை, ஓலையும் இல்லை. மிச்சமிருந்ததில் அப்பா வெளியே நின்று காற்றாட டீ குடித்தார், தானே டம்ளரைக் கழுவி வைத்தார், வேலைக்குப் போனார். கீழே வாசகர்கள் உருகியிருந்தார்கள். அந்தத் தலைமுறையின் சுத்தமே தனி என்று ஒருவர். கொங்கு மண்ணின் பணிவு என்று இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெட்டிய வரிகளைத் திரும்பப் போடச் சொல்லி ஈமெயில் அனுப்பினேன். தளத்தை நடத்தியவரும் கோயமுத்தூர்க்காரர்தான். பதிலில் மரியாதைக்குக் குறைச்சலில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க எழுத்து அருமையா இருக்குதுங்க. சாதிச் சமாச்சாரம் மட்டும் வேண்டாமுங்க, படிக்கறவங்க மனசு நோகுமுங்க. இப்படியே இருக்கட்டும், இல்லீன்னா முழுசா எடுத்துப்போடறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

எத்தனை 'ங்க' போட்டு என் வாயை அடைத்தார். முழுசாக எடுத்துவிடச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அது அப்பாவின் கதை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். முதலில் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். டம்ளர் வந்த இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. பெருமையாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் வெட்டிப் போட்டதையும் படித்தேன்.

"ஊர்ப் பேரு போட்டிருக்கறயா அம்மணி?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"இத ஆரு படிப்பாங்க?"

"வெளிநாட்டுல இருக்கறவங்கதானுங்கப்பா. இங்க ஆருக்கும் தெரியாதுங்க."

"கடைக்காரரு பையன் அமெரிக்காவுலதான இருக்கறாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வரிக்காக ஊர்ப்பட்ட சண்டை போடத் தயாராக இருந்தவள், படித்துக் காட்டிய தாள்களை மடித்து வைத்தேன். அப்பா தழையை இழுத்துக் கட்டி முடித்தார்.

"அவங்க வெட்டுனதே இருக்கட்டும். நாளைக்குக் காத்தால நான் அங்கதான் டீ குடிக்கோணும்."