வசனம் இல்லாத அரசி

அமெரிக்காவில், பிளானோ நகரில் நாங்கள் குடியேறிய இரண்டாம் ஆண்டு, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பெரியப்பா ஒரு சரித்திர நாடகம் எழுதினார். எழுதியவர் என்ற முறையில் சோழ மன்னர் வேடத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார். பட்டத்தரசி, என் அம்மா. அந்த வட்டாரத்தில் அவளிடம் மட்டுமே ஒட்டியாணம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் பேச வேணாம்மா. கம்பீரமா உக்காந்திருந்தா போதும்," என்றார் பெரியப்பா. இளவரசியான எனக்கும் அதே உத்தரவுதான். எனக்கு எட்டு வயது என்பதால், சிரிக்கக் கூடாது என்பது கூடுதல்.

அம்மா ஊரில் சரித்திரம் எம்.ஏ. படித்தவள். இங்கே விசா அவளை வேலைக்குப் போக விடவில்லை. பேசாத அரசிதான் என்றாலும், யாரென்றே தெரியாமல் எப்படி உட்காருவது என்று, நூலகத்தில் சொல்லிவைத்து எங்கோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கல்வெட்டுத் தொகுதி ஒன்றை வரவழைத்தாள். அரசி ஒரு சிற்றரசரின் மகள். சிறு வயதில் மணமாகித் தஞ்சைக்கு வந்தவள். அவளுக்கு முன்பே அரண்மனையில் மூன்று அரசிகள் இருந்தார்கள். பாத்திரம் துலக்கியபடியே அம்மா இதையெல்லாம் சொன்னாள்.

"ஃபோர் வைஃப்ஸ்? யக்!" என்றேன்.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கில், மதியம் நடந்தது. கோயிலுக்கு விளக்கு வைக்கும் காட்சியில் பெரியப்பா வாளை உயர்த்தி, "இன்று முதல்..." என்று தொடங்கினார். மறுபடியும், "இன்று முதல்..." என்றார். மூன்றாம் முறை எனக்கே புரிந்துவிட்டது, அவருக்கு வசனம் மறந்துபோயிற்று. திரைக்குப் பின்னால் காகிதங்கள் சரசரத்தன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள்.

"இன்று முதல், சந்திர சூரியர் உள்ளவரை, இக்கோயிலில் ஒரு விளக்கு எரியட்டும். அதன் நெய்க்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு நான் கொடுத்தேன். என் தந்தை நற்கதி பெறக் கொடுத்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு, "அவ்வாறே ஆகட்டும்!" என்று முழங்கினார். நாடகம் முழுவதிலும் அந்த இடத்துக்குத்தான் கைதட்டல்.

சாப்பாட்டு வரிசையில் பெரியப்பா எங்களைத் தேடி வந்தார். ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அது நம்ம ஸ்கிரிப்ட்லயே இல்லையே?"

"கல்வெட்டுல இருக்குங்க மாமா."

அவர் அம்மாவின் தட்டில் இன்னொரு வடையை எடுத்து வைத்தார். "அடுத்த வருஷம் நீயே எழுதிடு."

திரும்பும்போது காரில் எனக்கு அந்த ஆடுகளைப் பற்றித்தான் கவலை. "அம்மா, ஹவ் கேன் ஷீப் நாட் டை?"

"சாகும்டி. ஆனா குட்டி போடும்ல? ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துரும். மந்தை அப்படியேதான் இருக்கும்."

அதற்கு முந்தைய ஐப்பசியில் அம்மாவின் அப்பா ஊரில் இறந்திருந்தார். இப்போது நாட்டை விட்டுப் போனால் கிரீன் கார்டு விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்று வக்கீல் சொன்னதால் அம்மா போகவில்லை. இரண்டும் எனக்குத் தெரிந்த செய்திகள்தாம். இருந்தும் நாடகம் நாடகமாகவும் தாத்தாவின் சாவு வேறாகவுமே என் தலைக்குள் கிடந்தன.

அம்மா காகிதக் கிரீடத்தை மடியில் வைத்து, கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். பல நாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டவளைப் போல முகம் தெளிவாக இருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் அப்பா வண்டியை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த கார் ஹார்ன் அடித்தது.

"டாட், இட்ஸ் கிரீன்!" என்று நானும் கத்தினேன்.